கிறிஸ்துமஸ் 'பேகன்' பண்டிகையா? சடங்கு சடங்காகப் பார்ப்போம்

கி.பி. 354ஆம் ஆண்டு ரோம் நகரில் வாலண்டினஸ் என்ற வசதியான கிறிஸ்தவர் ஒருவருக்காக ஒரு நாட்காட்டித் தொகுப்பு தயாரானது. எழுதிக் கொடுத்தவர் ஃபிலோகலஸ் என்ற எழுத்துக் கலைஞர். மூலச்சுவடி அழிந்துவிட்டது; படியைப் பார்த்து எடுத்த படிகள் வழியாகத்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தொகுப்பில் டிசம்பர் 25 இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது.

ஓரிடம் அரசு விழாக்களின் பட்டியல். அந்த நாளுக்கு எதிரே 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப் பந்தயங்கள்' என்று சுருக்கெழுத்தில் குறித்திருக்கிறார்கள். வெல்லப்படாதவன் என்றால் சூரிய தேவன், சோல் இன்விக்டஸ் என்பதே பொதுவான வாசிப்பு. இன்னோர் இடம், ரோமத் திருச்சபை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்த மறைசாட்சிகளின் அடக்க நாள் பட்டியல். அதன் முதல் வரியே டிசம்பர் 25, கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்பதுதான். இந்தப் பட்டியல் 336இல் உருவானது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அந்தத் தேதியில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியதற்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய உறுதியான சான்று இதுவே.

ஒரே தொகுப்பு, ஒரே நகரம், ஒரே தேதி, இரண்டு பிறந்தநாட்கள். டிசம்பர் பிறந்தாலே யூடியூப் பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மூளும் சண்டைக்கு விதை இங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் முழுக்க முழுக்கப் புறமதத்தாரிடம், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வழிபட்ட 'பேகன்'களிடம், திருடியது என்று ஒரு பக்கம் சொல்கிறது. அப்படி எதுவுமே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று மறுபக்கம் சாதிக்கிறது. இரண்டு பக்கமும் கிறிஸ்துமஸை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. தேதி வேறு, விருந்து வேறு, மரம் வேறு, பரிசு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாதகம் உண்டு. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், புறமதத்து வேர் உண்டு என்று பலரும் அடித்துச் சொல்லும் இடங்களில் அது மெலிந்துபோகிறது. யாரும் அதிகம் பேசாத இடங்களில் ஆழமாக ஓடுகிறது.

தேதியின் கதை

பரவலாகச் சொல்லப்படுவது இது: பேரரசர் ஆரேலியன் பால்மைரா அரசி செனோபியாவை வென்று திரும்பி, 274இல் ரோமில் சூரியனுக்கு ஒரு பெரிய கோயிலைத் திறந்தார், டிசம்பர் 25ஐச் சூரியனின் பிறந்தநாளாக அறிவித்தார், பிறகு திருச்சபை அந்த நாளை எடுத்துக்கொண்டது. கோயில் திறந்தது உண்மை. தேதியை அவர் அறிவித்தார் என்று சொல்லும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றுகூட இல்லை. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சூரிய விளையாட்டுகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் நடந்தவை. 354 நாட்காட்டியைக் கூர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் சாதாரண விழாவுக்கு 24 தேர்ப் பந்தயங்கள். டிசம்பர் 25க்கு 30. அக்டோபர் 22ஆம் தேதி சூரிய விழாவுக்கோ 36. அப்படியானால் ரோமில் சூரியனின் பெருவிழா அக்டோபரில்தான் நடந்திருக்கிறது. டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்பதற்கும் அந்த 354 தொகுப்புதான் முதல் சான்று. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை இந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் தீர்க்க முடியாது.

எதிர்த்தரப்பு முன்வைக்கும் விளக்கம் கணக்கு. இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்ற எண்ணம் 200ஆம் ஆண்டையொட்டியே வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுத்தில் இருக்கிறது. மரித்த அதே தேதியில்தான் அவர் தாயின் வயிற்றில் கருவானார் என்ற நம்பிக்கை பின்னால் இதோடு சேர்ந்தது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகுஸ்தீன் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார். மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சில இடங்களில் சிலுவை நாளை ஏப்ரல் 6 என்று கணக்கிட்டார்கள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. சூரிய விழாவை மட்டும் வைத்துத் தேதியை விளக்குகிறவர்களுக்கு இந்த ஜனவரி 6 தொண்டையில் சிக்கிய முள்.

இந்த இரண்டு விளக்கங்களும் நவீன ஆய்வுலகில் பேரளவில் மோதத் தொடங்கியது ஒரே ஆண்டில். 1889இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் உசனர் புறமத விழாவை முன்வைத்து எழுதினார். பிரெஞ்சுக் குருவானவர் லூயி டுஷேன் அதே ஆண்டில் கணக்கை முன்வைத்தார். இன்றுவரை முடிவு எட்டப்படவில்லை. புறமத விளக்கத்துக்கு அடிக்கடி காட்டப்படும் நேரடிச் சான்று, 12ஆம் நூற்றாண்டுச் சிரியாக் எழுத்தாளர் டயனீசியஸ் பார் சலீபியின் சுவடி ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பு. சூரியனின் பிறந்தநாளுக்கு மக்கள் விளக்கேற்றிக் கொண்டாடியதையும், கிறிஸ்தவர்களும் அதில் கலந்துகொண்டதையும், அதனால் திருச்சபைத் தலைவர்கள் பிறப்பு விழாவை அந்த நாளுக்கு மாற்றியதையும் அது சொல்கிறது. சுவையான குறிப்பு. ஆனால் நிகழ்ச்சிக்கு எண்ணூறு ஆண்டு பிந்தியது, ரோமிலிருந்து வெகுதூரத்தில் எழுதியது.

இதை வைத்துச் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒதுக்குவதும் நேர்மையாகாது. ரோமர்களின் பழைய கணக்கில் டிசம்பர் 25தான் குளிர்கால சங்கராந்தி. அன்றோடு இரவு நீள்வது நின்று பகல் வளரத் தொடங்குகிறது. வத்திக்கானில் பேதுரு பேராலயத்தின் அடியில் தோண்டியெடுத்த கல்லறை மண்டபம் ஒன்றின் கூரையில் ஒரு பதிகல் ஓவியம் இருக்கிறது. தங்க நிறப் பின்னணியில் திராட்சைக் கொடிகள். நடுவே தேரில் ஓர் உருவம். தலையைச் சுற்றிக் கதிர்கள். முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரைகள். பார்த்த மாத்திரத்தில் சூரிய தேவன். ஆனால் அதே மண்டபத்தில் யோனாவும் இருக்கிறார், நல்ல மேய்ப்பனும் இருக்கிறார். அதனால் தேரில் இருப்பவர் கிறிஸ்துவே என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். மல்கியா தீர்க்கதரிசி சொன்ன நீதியின் சூரியனைக் கிறிஸ்துவாகப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தில் முரண்பாடே தெரிந்திருக்காது.

திருச்சபைத் தலைவர்களுக்குத்தான் தெரிந்தது. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமின் ஆயராக இருந்த முதலாம் லியோ, கிறிஸ்து பிறப்பு விழா மறையுரை ஒன்றிலேயே மக்களைக் கண்டிக்கிறார். பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறி மேல்தளத்துக்கு வருகிற கிறிஸ்தவர்கள், உள்ளே போவதற்கு முன் உதிக்கிற சூரியன் பக்கம் திரும்பித் தலைவணங்கிவிட்டுப் போகிறார்களாம். நூறாண்டுக்கும் மேலாக கிறிஸ்தவப் பேரரசர்கள் ஆண்ட நகரம் அது. தேதியை யார் முதலில் எடுத்தார்கள் என்ற வாதத்தைவிட இந்தக் கண்டிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாதாரண மனிதர்களின் உடம்பில் ஊறிய பழக்கம் எங்கே மிச்சமிருந்தது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

கண்டித்த வாயே சாட்சி

இந்த ஆராய்ச்சியில் நான் நம்புகிற ஒரே அளவுகோல் இதுதான். ஒரு வழக்கம் புறமதத்திலிருந்து நிஜமாகவே தொடர்ந்து வந்திருந்தால், நடுவில் எந்த நூற்றாண்டிலாவது ஓர் ஆயரோ ஒரு சங்கமோ அதைக் கண்டித்திருக்க வேண்டும். இரண்டு வழக்கங்கள் பார்க்க ஒன்றுபோல இருப்பது மட்டும் போதாது. கண்டிப்பு இருந்தால் தொடர்ச்சியும் இருந்திருக்கும். அந்த அளவுகோலோடு ரோமர்களின் டிசம்பருக்குள் போவோம்.

டிசம்பர் 17இல் தொடங்கி ஒரு வாரம் வரை நீண்டது சாட்டர்நாலியா, சாட்டர்ன் என்ற பழைய வேளாண் தெய்வத்தின் விழா. நீதிமன்றமும் பள்ளியும் மூடிவிடும். ஆண்டு முழுக்கத் தடைப்பட்ட சூதாட்டம் அந்த நாட்களில் செல்லுபடி. மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் விருந்து உடையில் திரிந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் கூம்புத் தொப்பியைக் குடிமக்களும் போட்டுக்கொண்டார்கள். எஜமானர் வீட்டு விருந்தில் அடிமைகளும் சமமாக உட்கார்ந்தார்கள், சில வீடுகளில் எஜமானரே பரிமாறினார். மெழுகுவர்த்திகளும் சிகில்லாரியா எனப்பட்ட சின்ன மண்பொம்மைகளும் கைமாறின. கவிஞர் மார்ஷியல் இந்தப் பரிசுகளுக்கென்றே இரண்டிரண்டு வரியில் நூற்றுக்கணக்கான துணுக்குக் கவிதைகள் எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் பன்றித் தொடை, அத்திப்பழம், பல் குத்தும் குச்சி, எழுதுபலகை எல்லாம் வருகின்றன. விருந்துக்கு ஒரு போலி ராஜாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. இளவயது நீரோவுக்கு ஒரு சாட்டர்நாலியாவில் அந்தச் சீட்டு விழுந்ததையும், அவன் தன் சகோதரன் முறையான சிறுவன் பிரிட்டானிக்கஸை எழுப்பிப் பாடச் சொல்லி அவமானப்படுத்தப் பார்த்ததையும், பையன் பாடிய பாட்டில் சபையே கலங்கியதையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவுசெய்திருக்கிறார்.

அடுத்த வாரமே ஜனவரி முதல் தேதி, கலண்டே. வாசலில் பசுந்தழை, வீட்டில் விளக்கு, கையில் நல்வாழ்த்துப் பரிசு, தெருவில் முகமூடிக் கூத்து. சாட்டர்நாலியாவைவிடக் கலண்டேதான் நம் கதைக்கு முக்கியம் என்பது என் எண்ணம். பேரரசு முழுவதும் பரவியிருந்ததும், கிறிஸ்தவ காலத்திலும் நெடுநாள் உயிரோடு இருந்ததும் அதுதான். 4ஆம் நூற்றாண்டு அந்தியோக்கியாவில் புறமதப் பேச்சாளர் லிபானியஸ் அதைப் புகழ்கிறார். அதே நகரத்தில் குருவானவராக இருந்த யோவான் கிறிசோஸ்தம் அதைச் சாடுகிறார். 400ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமாசியா ஆயர் ஆஸ்டீரியஸ், குழந்தைகள் வீடு வீடாகப் போய்ப் பரிசு கொடுத்து அதைவிட அதிகம் கறந்துகொண்டு வருகிறார்கள், பிஞ்சிலேயே பேராசை பழகுகிறார்கள் என்று வேதனைப்பட்டுப் பிரசங்கிக்கிறார். அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே தெர்த்துல்லியன், சாட்டர்நாலியாவுக்குப் பரிசு கொண்டு ஓடுகிறவர்கள் என்றும் வாசலில் தழையும் விளக்கும் கட்டுகிறவர்கள் என்றும் கிறிஸ்தவர்களைத் திட்டியிருக்கிறார். 6ஆம் நூற்றாண்டில் இன்றைய போர்ச்சுகலில், பிராகா நகர ஆயர் மார்ட்டின் தொகுத்த விதிகளில் கலண்டேக்காக வீட்டைப் பசுந்தழையால் சுற்றிக் கட்டக் கூடாது என்ற தடை இருக்கிறது.

இப்படி 3ஆம் நூற்றாண்டு, 4, 5, 6 என்று கண்டிப்பு அறுபடாமல் வருகிறது. அதனால் இந்தப் பருவத்தின் பசுந்தழை, விளக்கு, பரிசு, வீடு வீடாகப் போவது, வேடம் போடுவது, அளவில்லாத விருந்து இவற்றுக்குக் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வேர் உண்டு என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். டிசம்பர் 25 ஒரு தேதி. அதைச் சுற்றிய கொண்டாட்டம் அதைவிடப் பழைய ஒரு பருவம்.

அடுப்பில் போட்ட மரத்துண்டு

மார்ட்டின் நாட்டுப்புற மக்களுக்காக எழுதிய ஓர் உபதேசத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. பிசாசுக்குச் செய்யும் வேலைகள் என்று அவர் அடுக்கும் பட்டியலில், அடுப்பில் இருக்கும் மரத்துண்டின் மேல் தானியத்தையும் மதுவையும் ஊற்றுவதும் ஒன்று. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பால்கன் பகுதிக்குப் போனால் உடம்பு சிலிர்க்கும்.

செர்பிய வீடுகளில் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாளுக்குப் பெயரே அந்த மரத்தின் பெயரால்தான். பாத்னியாக் என்பது இளம் ஓக் மரம். கிராமத்து மரபில் குடும்பத் தலைவர் விடியும் முன்னே காட்டுக்குப் போவார். நேரான மரம் ஒன்றைத் தேர்ந்து, கிழக்கு முகமாக நின்று, ஆளைப் பார்த்துச் சொல்வதுபோல மரத்துக்கு வணக்கம் சொல்வார். அதன் மேல் தானியம் தூவுவார். பிறகுதான் கோடரி. மாலையில் மரத்துண்டை வீட்டுக்குள் கொண்டுவரும்போது வீட்டிலிருப்பவர்கள் தானியம் தூவி வரவேற்பார்கள். அடுப்பில் வைத்து அதன் மேல் மதுவும் தேனும் ஊற்றுவதும் உண்டு. தரையெல்லாம் வைக்கோல் பரப்பியிருக்கும், அதன் மேல்தான் சாப்பாடு. மறுநாள் காலை வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கும் விருந்தாளி எரியும் கட்டையைத் தட்டித் தீப்பொறி பறக்கவிட்டு, இத்தனை பொறிக்கு இத்தனை ஆடு, இத்தனை கன்று, இத்தனை குதிரை, இத்தனை செல்வம் என்று வாழ்த்துவார். வைக்கோலுக்கு மாட்டுத்தொழுவம், தீக்கு மேய்ப்பர்கள் குழந்தைக்கு மூட்டிய நெருப்பு என்று இன்று கிறிஸ்தவ விளக்கம் சொல்கிறார்கள். மரத்தைக் கும்பிட்டுக் கூப்பிடுவதற்கும் தீப்பொறியில் கால்நடை எண்ணுவதற்கும் பெத்லகேமில் காரணம் தேட முடியாது.

அந்தச் சடங்கு இப்போதும் நடக்கிறது. செர்பியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் நம் கணக்கில் ஜனவரி 6ஆம் தேதி மாலை. நகரத்தில் அடுப்பேது? சந்தையில் ஓக் கிளையும் வைக்கோலும் கட்டி விற்கிறார்கள். பெல்கிரேடில் புனித சாவா பேராலயத்தின் முன் பெரிய தீ மூட்டிக் குருக்களின் ஆசியோடு கிளைகளைப் போடுகிறார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் கிறிஸ்துமஸுக்கு அடுப்பில் பெரிய கட்டை எரித்தார்கள், பிரான்சில் அது கடைசியில் கட்டை வடிவ கேக்காகச் சுருங்கிப்போனது.

போப்பின் கடிதமும் ராஜாவின் பீரும்

இதெல்லாம் திட்டமிட்டு நடந்ததா, தானாக நடந்ததா என்ற கேள்விக்கு 601இல் எழுதிய ஒரு கடிதத்தைக் காட்டுவார்கள். இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெலிட்டஸ் என்ற துறவிக்குப் போப் முதலாம் கிரகோரி எழுதியது. கோயில்களை இடிக்க வேண்டாம். சிலைகளை மட்டும் அழித்து, தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்துக் கொள்ளுங்கள். பேய்களுக்கு மாடு வெட்டிப் பழகியவர்கள் திருநாளன்று ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் குடில் போட்டு, அதே மாட்டை வெட்டிக் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும். உயரத்தில் ஏறுகிறவன் படிப்படியாகத்தான் ஏற முடியும் என்கிறார். சில வாரங்களுக்கு முன்னால் கென்ட் அரசருக்கு எழுதியபோது இதே கிரகோரி கோயில்களை இடிக்கத்தான் சொல்லியிருந்தார். நடுவில் மனதை மாற்றிக்கொண்டிருக்கிறார். கடிதம் பேசுவது ஆலய நேர்ச்சி நாளையும் மறைசாட்சிகளின் நாளையும் பற்றி. கிறிஸ்துமஸ் அதில் இல்லை. ஆனாலும் வழிமுறை என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது.

இதே கேள்வி ஆயிரம் ஆண்டு கழித்து நம் மதுரைக்கும் வந்தது. 1606இல் மதுரை வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நோபிலி, மதம் மாறியவர்கள் குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். கடும் சர்ச்சைக்குப் பிறகு 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1704இல் புதுச்சேரியில் வைத்துத் திருத்தந்தையின் தூதர் டூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலி உள்ளிட்ட பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். எது சமயம், எது வெறும் ஊர் வழக்கம் என்று கோடு போடுவது மெலிட்டஸுக்கும் சுலபமாக இருந்திருக்காது.

ஆங்கிலோ-சாக்சன்களிடம் என்ன இருந்தது என்று 725ஆம் ஆண்டையொட்டி எழுதிய துறவி பீட் ஒரு துளி சொல்கிறார். டிசம்பர் 25 தொடங்கும் இரவை அவர்கள் 'தாய்மாரின் இரவு' என்று அழைத்தார்களாம், அதிலிருந்துதான் ஆண்டு தொடங்கியதாம். அந்தத் தாய்மார் யார், இரவில் என்ன செய்தார்கள் என்பதற்கு அவரிடம் விவரமில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நார்வேயில் கதை விரிவாகவே கிடைக்கிறது, ஆனால் பிந்திய கையால் எழுதியது. 10ஆம் நூற்றாண்டு அரசர் ஹாகோன், இங்கிலாந்து அரசர் ஏதல்ஸ்டனிடம் வளர்ந்து கிறிஸ்தவராகத் திரும்பியவர். குடிமக்களோ பழைய தெய்வங்களான ஓடினையும் தோரையும் கும்பிட்டார்கள். நடுக்குளிர்கால இரவில் தொடங்கிய அவர்களின் யூல் விழாவைக் கிறிஸ்தவர்களின் திருநாளோடு ஒரே காலத்துக்கு ஹாகோன் மாற்றிச் சட்டம் போட்டார். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட அளவு தானியத்தில் பீர் வடிக்க வேண்டும், தவறினால் அபராதம், பீர் தீரும்வரை விடுமுறை. இதை எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் வாழ்ந்தது 13ஆம் நூற்றாண்டில். அவரே சொல்லும் அடுத்த காட்சி இன்னும் முக்கியம். யூல் விருந்துக்கு மேரே என்ற ஊருக்குப் போன ராஜாவை விவசாயிகள் விடவில்லை. குதிரை ஈரலில் சில துண்டாவது சாப்பிட்டாக வேண்டும், சிலுவை அடையாளம் போடாமல் கிண்ணங்களைக் குடித்தாக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவரும் செய்தார். மேலிருந்து சபை மக்களை மாற்றியது என்ற கதையைத்தான் நாம் எப்போதும் கேட்கிறோம். கீழிருந்து மக்கள் ராஜாவை மாற்றியதும் அதே அளவுக்கு நடந்தது. ஸ்காண்டிநேவியாவில் இன்றும் கிறிஸ்துமஸின் பெயர் யூல்தான்.

மரம்

புறமதத்து வேருக்கு முதல் உதாரணமாக எல்லோரும் கைகாட்டுவது கிறிஸ்துமஸ் மரத்தை. என் அளவுகோலில் முதலில் தோற்பதும் அதுவே.

எட்டாம் நூற்றாண்டில் மறைபரப்பாளர் போனிபாஸ், ஜெர்மனியின் கெய்ஸ்மார் அருகே தோனார் தெய்வத்தின் ஓக் மரத்தை வெட்டி வீழ்த்தினார். அவர் வாழ்க்கையை எழுதிய வில்லிபால்ட், அந்தக் கட்டையால் பேதுருவின் பெயரில் ஒரு சிற்றாலயம் கட்டினார் என்பதோடு நிறுத்துகிறார். விழுந்த ஓக்கின் அடியிலிருந்து சின்ன ஊசியிலை மரம் முளைத்தது, அதுவே முதல் கிறிஸ்துமஸ் மரம் என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த கதை. போனிபாஸுக்குப் பிறகு எழுநூறு ஆண்டுகளுக்கு வீட்டுக்குள் அலங்கரித்த மரம் பற்றிப் பேச்சே இல்லை, கண்டிப்பும் இல்லை. 1521இல் அல்சாஸ் பகுதியின் செலெஸ்டா நகரக் கணக்கேட்டில், கிறிஸ்துமஸுக்கு மரம் வெட்டுகிறவர்களிடமிருந்து காட்டைக் காக்க வனக்காவலர்களுக்குக் கூலி கொடுத்த பதிவு வருகிறது. 1605இல் பக்கத்து ஸ்ட்ராஸ்பூர்கைப் பார்த்த ஒருவர், வீட்டுக் கூடத்தில் நிறுத்திய மரங்களில் வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், தங்கத் தாள், இனிப்புகள் தொங்கியதை எழுதிவைத்தார்.

அந்த ஆப்பிளும் அப்பமும் வழி காட்டுகின்றன. நடுக்கால ஜெர்மானிய நகரங்களில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அன்று ஏதேன் தோட்டத்து நாடகம் போடுவார்கள். குளிர்காலத்திலும் இலையோடு நிற்பது ஊசியிலை மரம் என்பதால் அதில் ஆப்பிள் கட்டி நன்மை தீமை அறியும் மரமாக நிறுத்துவார்கள். அப்பம் நற்கருணையின் அடையாளம். கிறிஸ்துமஸ் மரத்தின் பிறப்பிடம் அந்த நாடக மேடை என்பதே எனக்கு நம்பத்தகுந்த விளக்கம். அது லூத்தரன் வீடுகளில் வளர்ந்தது. கத்தோலிக்கர்கள் நெடுநாள் அதைப் புராட்டஸ்டண்ட் வழக்கமாகப் பார்த்துக் குடிலோடு நின்றுகொண்டார்கள். விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு ஆங்கிலம் பேசும் உலகம் முழுக்கப் பரவியது. வத்திக்கான் சதுக்கத்தில் முதல் மரம் நின்றது 1982இல், இரண்டாம் யோவான் பவுல் காலத்தில்.

மிசில்டோவும் இதே வகை. கெல்டியப் பூசாரிகள் வெள்ளை உடுத்தி, தங்க அரிவாளால், பிறையின் ஆறாம் நாள் ஓக் மரத்திலிருந்து அந்தப் புல்லுருவியை அறுத்ததைப் பிளினி எழுதியிருக்கிறார். அதன் கீழ் நின்று முத்தமிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் தலைகாட்டுகிறது. நடுவில் ஆயிரத்து அறுநூறு ஆண்டு வெறும் மௌனம். சாண்டா கிளாஸை ஓடினோடு சேர்ப்பதும் அப்படியே. மீரா நகர ஆயர் நிக்கோலாஸிலிருந்து டச்சுக்காரர்களின் சிந்தர்கிளாஸ் வழியாக நியூயார்க் வரை அவர் நடந்த பாதை பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. ரோமப் படைவீரர்கள் பலர் வழிபட்ட மித்ரா தெய்வம் டிசம்பர் 25இல் பிறந்தார் என்று சொல்லப்படுவதற்கு ஒரு பழங்காலச் சான்றும் இல்லை. அவர் வழிபாட்டுச் சிற்பங்களில் மித்ரா பாறையிலிருந்து வெளிவருகிறார், கன்னியின் வயிற்றிலிருந்து அல்ல.

யார் முதலில் குற்றம் சாட்டினார்கள்?

கிறிஸ்துமஸ் புறமதத்து விழா என்பது நாத்திகர்கள் கண்டுபிடித்த வாதம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அதைப் பெரிய ஆயுதமாக்கியவர்கள் தீவிரமான கிறிஸ்தவர்கள். வேதத்தில் இல்லாத சடங்குகளை ஒழிக்க நினைத்த புராட்டஸ்டண்டுகளான இங்கிலாந்தின் பியூரிட்டன்களுக்குக் கத்தோலிக்கம் என்பதே புறமதம் பூசிய கிறிஸ்தவம். அதன் கண்ணெதிர்ச் சான்று கிறிஸ்துமஸ். 1647இல் நாடாளுமன்றம் அந்த விழாவைச் சட்டப்படி ஒழித்தது. அந்த டிசம்பரில் கேன்டர்பரி மேயர் கடைகளைத் திறக்கச் சொல்ல, மக்கள் வீட்டு வாசலில் ஹாலி தழையைக் கட்டிக்கொண்டு, தெருவில் கால்பந்து உதைத்துக்கொண்டு கலகத்தில் இறங்கினார்கள். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். 1687இல் பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மேதர், இது சாட்டர்நாலியாவிலிருந்து வந்த விழா என்று அச்சிலேயே எழுதினார். பிரஸ்பிட்டேரியன் ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்.

அந்த ஸ்காட்லாந்திலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்ற போதகர், கத்தோலிக்கத்தின் எல்லாச் சடங்குகளும் பாபிலோனோடு இணைத்துச் சொல்லப்படும் அரசன் நிம்ரோதிடமும் அரசி செமிராமிஸிடமும் தொடங்கியவை என்று எழுதினார். நிம்ரோதும் செமிராமிஸும் கணவன் மனைவி, அவர்கள் மகன் தம்மூஸ், அவன் பிறந்தநாள் டிசம்பர் 25 என்று இன்று நம் பெந்தெகொஸ்தே மேடைகள் சிலவற்றில் கேட்கிற கதை அந்த வழியில் வந்தது. பாபிலோனியக் களிமண் பலகைகள் எதிலும் அப்படி ஒரு குடும்பம் இல்லை. அதே மேடைகளில் எரேமியா 10ஆம் அதிகாரமும் வரும்: காட்டில் மரத்தை வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, ஆணி அடித்து நிறுத்துகிறார்கள். அடுத்தடுத்த வரிகளையும் சேர்த்துப் படித்தால் சங்கதி தெளிவாகும். அந்த மரம் தச்சன் கையில் வேலைப்பட்டது, பேச முடியாதது, நடக்க முடியாததால் சுமந்து போக வேண்டியது, நீலமும் இரத்தாம்பரமும் உடுத்தியது. எரேமியா பேசுவது மரத்தில் செதுக்கிய சிலையைப் பற்றி.

மரம் வைக்க விரும்பாத சபைகளுக்கு அப்படி விரும்பாமலிருக்க முழு உரிமை உண்டு, நல்ல காரணமும் உண்டு. கிறிஸ்துவின் பிறந்தநாளைக் கொண்டாடச் சொல்லி வேதத்தில் கட்டளை இல்லை. நாள் எது என்றும் சொல்லவில்லை. பியூரிட்டன்களின் முதன்மை வாதமும் அதுதான். அது தன் காலிலேயே நிற்கிற வாதம், நிம்ரோதின் தோள் அதற்குத் தேவையில்லை.